சாரை செய்த குற்றம் என்ன?

வைக்கோல் போருக்கு அடியிலிருந்து ஒரு பாம்பு வெளியே வருகிறது. ஆறடி நீளம் இருக்கும். "பாம்பு! பாம்பு!" என்று ஒருவர் கத்துகிறார். அடுத்த நிமிடம் தடிகளும் மண்வெட்டிகளும் வந்து விடுகின்றன. பத்துப் பேர் கூடி அடிக்கிறார்கள். பாம்பு செத்து விடுகிறது. குச்சியால் தூக்கிக்கொண்டு போய் எரித்து விடுகிறார்கள்.

மறுநாள் அதே வீட்டுக்காரர் கடைக்குப் போகிறார். எலி மருந்து வாங்கி வருகிறார்!

செத்தது சாரைப்பாம்பு. அதன் பல்லில் விஷம் கிடையாது. வாலில் விஷம் கிடையாது. மூச்சிலும் விஷம் கிடையாது. அது வைக்கோல் போருக்கு வந்ததே எலியைத் தேடித்தான். காசு வாங்காமல் வேலை செய்த காவல்காரனை அடித்துக் கொன்றுவிட்டு, காசு கொடுத்து மருந்து வாங்குகிறார்கள். இப்படி ஒரு கணக்கு வேறு எங்காவது உண்டா?

ஊருக்கு ஊர் இது நடக்கிறது. படித்தவர்கள் வீட்டிலும் நடக்கிறது. சாரையை அடிப்பவர்கள் கெட்டவர்கள் அல்ல. பிள்ளை குட்டிகள் இருக்கும் வீடு என்ற பயத்தில் அடிக்கிறார்கள். அந்தப் பயத்தைக் கேலி செய்வது நியாயம் ஆகாது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்பு கடித்து இறந்தவர்கள் ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் இருக்கலாம் என்று 2020-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி கணக்குச் சொல்கிறது. இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் கிராமத்து மக்கள். பாம்பு என்றால் படையும் நடுங்கும் என்பது சும்மா வந்த பேச்சு அல்ல.

ஆனால், இந்தியாவில் உள்ள பாம்பு வகைகள் சுமார் 300. மனிதர்களை அதிகமாகக் கொல்பவை முக்கியமாக நான்கு. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இந்த நாலு பேர் செய்த கொலைக்கு, எந்தக் கொலையும் செய்யாத சாரை தண்டனை அனுபவிக்கிறது. அதற்குக் காரணம் அதன் பெயரைச் சுற்றிக் கட்டிவிட்ட கதைகள்!

"ஆண் நல்ல பாம்பு"

கதைகளில் பெரிய கதை இதுதான். "சாரைதான் ஆண், நல்ல பாம்புதான் பெண். இரண்டும் புருஷன் பெண்டாட்டி. ஒன்றை அடித்தால் மற்றது பழி வாங்கும்" என்பார்கள். பாட்டி சொன்னதைத் தாய் சொல்கிறாள். தாய் சொன்னதை மகள் சொல்கிறாள். யாரும் பார்த்தது இல்லை.

உண்மை என்ன? நல்ல பாம்பில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. சாரையிலும் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. இரண்டும் வேறு வேறு சாதி. ஆட்டுக்கும் மாட்டுக்கும் எப்படிச் சம்பந்தம் இல்லையோ, அப்படித்தான் இவற்றுக்கும். பாம்பு பிடிப்பதில் கைதேர்ந்த இருளர்களைக் கேட்டால் சிரிப்பார்கள். வாலைப் பார்த்தே இது ஆண், இது பெண் என்று சொல்லி விடுவார்கள் அவர்கள். சுவீடன் நாட்டு விஞ்ஞானி லின்னேயஸ் 1758-ம் ஆண்டிலேயே சாரைக்கு ஒரு பெயரும், நல்ல பாம்புக்கு ஒரு பெயரும் தனித்தனியாக வைத்து விட்டார். 260 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அந்தச் செய்தி நம் திண்ணைக்கு வந்து சேரவில்லை!

அப்படியானால் இந்தக் கதை எப்படிக் கிளம்பியது?

வயல் ஓரத்திலோ தோப்பிலோ இரண்டு பெரிய பாம்புகள் ஒன்றோடு ஒன்று முறுக்கிக்கொண்டு நிற்பதைச் சிலர் பார்த்திருப்பார்கள். கயிறு திரித்தது போல உடம்புகள் பின்னிக் கிடக்கும். தலைகள் மேலே எழும்பும். சாயும். மறுபடியும் எழும்பும். பார்க்க நடனம் போலவே இருக்கும். "பாம்பு பிணைகிறது" என்று ஊரே கூடிவிடும். சிலர் ஓடிப்போய்ப் புதுத் துணியைக் கொண்டு வந்து மேலே போடுவார்கள். அந்தத் துணியைப் பெட்டியில் வைத்தால் செல்வம் சேரும் என்று நம்பிக்கை.

அங்கே நடப்பது கல்யாணம் அல்ல, மல்யுத்தம்! முறுக்கிக்கொண்டு நிற்கும் இரண்டும் பெரும்பாலும் ஆண் சாரைகள். பெண் சாரைக்காகவோ இடத்துக்காகவோ பலப்பரீட்சை நடக்கிறது. ஒன்று மற்றொன்றின் தலையைத் தரையில் அழுத்தப் பார்க்கும். கடிப்பது இல்லை. ரத்தம் சிந்துவது இல்லை. வெகு நேரம் இந்தக் குஸ்தி நடக்கும். கடைசியில் தோற்றது நழுவிப் போய்விடும். ஜெயித்தது துரத்திக்கொண்டு போய்க் கொல்வதும் இல்லை. மனிதர்களின் சண்டையைவிட இது எவ்வளவோ நாகரிகமான சண்டை!

ஒரே பாம்புச் சாதியில் இரண்டு ஆண்கள் போடும் சண்டையைப் பார்த்துவிட்டு, இரண்டு சாதிப் பாம்புகளுக்குக் கல்யாணம் செய்து வைத்து விட்டார்கள். அந்தக் கல்யாணத்தின் பலன்தான் சாரையின் முதுகில் விழும் அடி.

பழி வாங்கும் கதையும் அப்படியே. பாம்பு தன் முட்டையில் இருந்து வந்த குஞ்சைக்கூட வளர்ப்பது இல்லை. ஆணும் பெண்ணும் சேர்ந்து குடும்பம் நடத்துவதும் இல்லை. அடித்தவரின் முகத்தை நினைவில் வைத்துத் தேடி வரும் என்பது சினிமாவுக்குச் சரி. வீட்டுக்கு ஆகாது.

வாலில் முள்ளா? மடியில் பாலா?

"சாரை வாலால் அடித்தால் அடிபட்ட இடம் அழுகிவிடும், வாலில் முள் இருக்கிறது" என்று சொல்வார்கள். வாலில் முள்ளும் இல்லை, நஞ்சும் இல்லை. நீளமான, மெலிந்த வால். பிடித்தால் சுழற்றும். சாட்டை பட்டது போல இருக்கும். அவ்வளவுதான்.

பசு மாட்டின் பின்னங்கால்களைச் சுற்றிக்கொண்டு சாரை பால் குடிக்கும் என்ற கதையும் உண்டு. கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் போதும். கன்று பால் குடிக்க உதடு இருக்கிறது, தடித்த நாக்கு இருக்கிறது. சாரைக்கு இருப்பது நூல் போலப் பிளந்த நாக்கு. அதன் பற்கள் உள்நோக்கி வளைந்த ஊசிகள். அந்த வாயால் மடியைப் பிடித்தால் எந்த மாடு பேசாமல் நிற்கும்? ஒரே உதையில் பாம்பு செத்துப்போகும். காலையில் பால் குறைந்தால் அதற்குக் கன்றோ, தீனியோ, நோயோ காரணமாக இருக்கலாம். தொழுவத்தில் சாரையைப் பார்த்தது மெய்தான். அங்கே தவிடும் பிண்ணாக்கும் இருக்கின்றன. அவற்றைத் தின்ன எலி வருகிறது. எலியைத் தின்னச் சாரை வருகிறது. பழி மட்டும் பாலின் பேரில்!

இங்கே இன்னொரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். புற்றுக்குப் பால் ஊற்றி, மஞ்சள் வைத்துக் கும்பிடுகிறார்கள். அது அவரவர் பக்தி. ஆனால் அதே புற்றில் சாரையும் குடியிருக்கும் என்பது பலருக்குத் தெரியாது. புற்றுக்குள் இருக்கும்வரை அது சாமி. புழக்கடைப் பக்கம் வந்துவிட்டால் தடியடி!

எலி வளைக்குள் போகும் காவல்காரன்

சாரை சாதாரணமாக ஐந்து, ஆறு அடி நீளம் வளரும். எட்டடியைத் தாண்டுவதும் உண்டு. நிறம் ஒரே மாதிரி இருக்காது. மஞ்சள் கலந்த பழுப்பு, சாம்பல், ஏறக்குறையக் கறுப்பு என்று பல நிறங்களில் இருக்கும். அதனால்தான் மஞ்சள் சாரை, கருஞ்சாரை என்று வேறு வேறாகப் பேசுகிறார்கள். உடம்பின் பின்பாதியில் கறுப்புப் பட்டைகள் தெரியும். உதட்டு ஓரத்தில் மை தீட்டியது போலக் கறுப்புக் கோடுகள் இருக்கும். கண் பெரியது, பாவை வட்டமானது.

பெரிய கண்ணுக்குக் காரணம் உண்டு. சாரை பகலில் வேலை செய்யும் பாம்பு. எலியோ பெரும்பாலும் இரவில் திரியும். பகலில் வளைக்குள் தூங்கும். இரவில் வெளியே வரும் எலியை ஆந்தை பார்த்துக்கொள்கிறது. பகலில் வளைக்குள் இருக்கும் எலியைச் சாரை பார்த்துக்கொள்கிறது. ஆலையில் பகல் ஷிப்டு, இரவு ஷிப்டு என்று ஆள் மாறுவது போலத்தான்.

பூனையால் எலி வளைக்குள் போக முடியுமா? ஆந்தையால் முடியுமா? சாரையால் முடியும்! வரப்பில் உள்ள வளைக்குள் தலையை விட்டு, வளைந்து வளைந்து உள்ளே போய்விடும். தாய் எலி அகப்பட்டால் தாய் எலி. கண் திறக்காத குஞ்சுகள் அகப்பட்டால் குஞ்சுகள். ஓர் எலி சினைப்பட்டு மூன்று வாரம் அளவில் குட்டி போட்டுவிடும். ஒரே ஈற்றில் ஆறு, எட்டு என்று போடும். சில மாதங்களில் அந்தக் குட்டிகளும் குட்டி போட ஆரம்பிக்கும். இந்தப் பெருக்கத்தை வளைக்குள் புகுந்தே அறுப்பது லேசான உதவியா?

வயல் எலி தின்பதோடு நிற்பது இல்லை. பால் பிடித்த கதிரை அடித்தூரோடு கத்தரிக்கும். முற்றிய கதிரை இழுத்துக்கொண்டு போய் வளையில் சேர்த்து வைக்கும். அறுவடை முடிந்த பிறகு இருளர்கள் வளையைத் தோண்டி, எலி சேர்த்த நெல்லை அள்ளுவது வழக்கமாக இருந்தது. வளைக்குள் கதிர் கதிராக நெல் கிடக்கும் என்றால், எலியின் கொள்ளை எவ்வளவு என்று உழவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியது இல்லை. எலியின் மூத்திரத்தால் எலிக்காய்ச்சல் பரவுவது இன்னொரு தொல்லை.

சாரைக்கு விஷம் இல்லை. மலைப்பாம்பு போல இறுக்கிக் கொல்லும் வழக்கமும் இல்லை. தாடைதான் அதற்கு ஆயுதம். எலியைக் கவ்வும். உடம்பால் தரையோடு அல்லது வளையின் சுவரோடு அழுத்தும். பிறகு விழுங்கி விடும்.

சாரை எலியை மட்டும்தான் தின்னும் என்று சொன்னால் அது பொய். தவளையைத் தின்னும். ஓணானைத் தின்னும். பறவைக் குஞ்சையும் தின்னும். கோழிக்குஞ்சு கண்ணில் பட்டால் விட்டு வைக்காது. கோழி வளர்க்கும் வீட்டில் அதன் பேரில் கோபம் வருவது நியாயம். அதற்குக் கூண்டின் சந்தை அடைக்க வேண்டும். நாலு குஞ்சுக்காக வயல் முழுவதும் சுற்றும் காவலை இழப்பது நஷ்டக் கணக்கு.

பெண் சாரை ஒரு தடவைக்குப் பத்து முட்டை அளவில் இடும். சுமார் இரண்டு மாதத்தில் குஞ்சு பொரிக்கும். குஞ்சு ஓரடிக்கு மேல் இருக்கும். பிறந்த நாளிலிருந்து அதன் பாடு அதற்கு. கீரி பிடிக்கும், கழுகு தூக்கும், மயில் கொத்தும். மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் ராஜநாகம் இருக்கிறது. அதற்குச் சாரை என்றால் விருந்துச் சாப்பாடு. இத்தனைக்கும் தப்பி ஒரு சாரை ஆறடி வளர்ந்து வயலுக்கு வருகிறது. வந்த இடத்தில் மனிதர்கள் தடியோடு நிற்கிறார்கள்!

பயம் காட்டி மாட்டிக்கொள்கிறது

சாரையின் முதல் புத்தி ஓட்டம். ஆளைக் கண்டால் மின்னல் போல ஓடும். மரம் ஏறும், நீந்தும். ஓட வழி இல்லாமல் மூலையில் மடக்கினால்தான் வேறு மாதிரி. தலையைத் தூக்கும். கழுத்தைப் பக்கவாட்டில் ஒடுக்கி உப்ப வைக்கும். தொண்டையிலிருந்து உறுமல் மாதிரி ஒரு சத்தம் வரும். எட்டிக் கடிக்கவும் பார்க்கும். கீரியையும் நாயையும் பயமுறுத்த இந்த வேஷம் உதவலாம். மனிதரிடம் மட்டும் பலிப்பது இல்லை. "பார், படம் எடுக்கிறது! நல்ல பாம்பேதான்!" என்று இன்னும் நாலு அடி விழுகிறது. பாவம், உயிர் பிழைக்கப் போட்ட வேஷமே உயிருக்கு உலை வைக்கிறது.

நல்ல பாம்பு படம் எடுத்தால் கழுத்து அகன்று முறம் போல விரியும். சாரையின் கழுத்து அப்படி விரியாது. ஆனால் படம் எடுக்காமல் ஓடும் நல்ல பாம்பு தூரத்தில் பார்க்கச் சாரை போலவே இருக்கும். ஆகவே, "இது சாரைதான்" என்று வீரம் பேசிக் கையால் பிடிக்கப் போவது முட்டாள்தனம். சாரையை அடிக்க வேண்டாம் என்று சொல்வது வேறு, பாம்போடு விளையாடச் சொல்வது வேறு.

"சாரை இருக்கும் வீட்டுக்கு நல்ல பாம்பு வராது" என்று சாரைக்காகப் பரிந்து பேசுவோரும் உண்டு. அதையும் நம்ப வேண்டாம். இரண்டும் எலியைத்தான் தேடுகின்றன. எலி இருக்கும் வீட்டுக்கு எதுவும் வரலாம். விறகையும் செங்கலையும் சுவர் ஓரமாக அடுக்காமல், சிந்திய தானியத்தைக் கூட்டிவிட்டு, பொந்தை அடைத்தால் எலியும் குறையும், பாம்பும் குறையும். மந்திரித்த கயிற்றைவிட விளக்குமாறு நல்ல காவல்.

தோலுக்கும் விலை வைத்தார்கள்

தடிக்குத் தப்பிய சாரை ஒரு காலத்தில் வியாபாரிக்குத் தப்பவில்லை. அதன் தோல் பைக்கும் செருப்புக்கும் பெல்ட்டுக்கும் போயிற்று. தோல் வியாபாரிகளுக்காகப் பாம்பு பிடிப்பதே இருளர் பலருக்குப் பிழைப்பாக இருந்தது. 1972-ல் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-ல் பாம்புத் தோல் ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. பிழைப்புப் போனதே என்று இருளர்கள் தவித்தார்கள். 1978-ல் அவர்களுக்கென்று ஒரு கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் அது இருக்கிறது. கொல்லும் நான்கு பாம்புகளையும் பிடித்து வந்து, விஷம் எடுத்து, மறுபடியும் காட்டில் விடுகிறார்கள். அந்த விஷத்திலிருந்துதான் பாம்புக்கடி மருந்து தயாராகிறது. தோலுக்காகப் பாம்பைக் கொன்ற கைகள் உயிர் காக்கும் கைகளாக மாறின. 2023-ல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரு இருளர்களுக்கு இந்திய அரசாங்கம் பத்மஸ்ரீ விருது கொடுத்தது.

தென் சீனத்தில் சாரை சாப்பாட்டுக்கே போயிருக்கிறது. ஜாவாவில் தோலுக்காகப் பிடிக்கிறார்கள். பாம்பு தின்கிற ஊருக்குப் போனால் நடுத்துண்டு நமக்கு என்று தமிழில் ஒரு பழமொழி உண்டு. ஆனால் இந்த நாட்டில் அந்த நடுத்துண்டுக்கு ஆசைப்பட்டால் சிறைதான்! 2022-ல் திருத்திய சட்டம் சாரையை முதல் அட்டவணையில் சேர்த்திருக்கிறது. புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணை. கொன்றால் மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு.

சட்டம் சரி. ஆனால் வைக்கோல் போர் அருகே தடியோடு நிற்பவருக்கு இந்தச் சட்டம் தெரியுமா? புலியைக் கொன்றவரைப் பிடிக்கலாம். புழக்கடையில் சாரையை அடித்தவரை யார் பிடிப்பது? விதைக்கும் உரத்துக்கும் கூட்டம் போடும் வேளாண்மைத் துறை, எலி ஒழிப்புக்குக் கூட்டம் போடும்போது சாரையின் படத்தையும் காட்ட வேண்டும். பள்ளிக்கூடத்துச் சுவரில் பாம்புப் படங்கள் மாட்ட வேண்டும். விஷம் உள்ளவை இவை, இல்லாதவை இவை என்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். பாட்டி சொன்ன கதையைப் பேத்தி திருத்தினால்தான் சாரை பிழைக்கும். போலீஸ்காரரால் அது ஆகாது.

இப்போது புது எமன்களும் வந்திருக்கிறார்கள். தோட்டத்தைச் சுற்றிக் கட்டும் நைலான் வலையில் சாரை சிக்குகிறது. முன்னும் போக முடியாமல் பின்னும் வர முடியாமல் வெயிலில் காய்ந்து சாகிறது. பகலில் நடமாடும் பாம்பு ஆனதால், சாலையைக் கடக்கும்போது லாரிக்கும் பஸ்ஸுக்கும் இரையாகிறது. வலை கட்டுகிறவர்கள் தினம் ஒரு தடவை அதைச் சுற்றிப் பார்த்தாலே பல உயிர்கள் பிழைக்கும். சிக்கிய பாம்பைத் தாமே அறுத்துவிடப் போகாமல், தெரிந்த ஆளைக் கூப்பிட வேண்டும்.

வீட்டுக்குள் சாரை வந்துவிட்டால் என்ன செய்வது? கூச்சல் போட வேண்டாம். பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். நாயைப் பிடித்துக் கட்டுங்கள். பாம்பு இருக்கும் பக்கத்துக் கதவைத் திறந்து வைத்துவிட்டு எட்டி நில்லுங்கள். பெரும்பாலும் தானே போய்விடும். போகாவிட்டால் தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ தகவல் சொல்லுங்கள்.

எந்தப் பாம்பு கடித்தாலும் சரி, "சாரைதான், ஒன்றும் ஆகாது" என்று இருந்துவிடக் கூடாது. கடிவாயைக் கீறுவதும், உறிஞ்சுவதும், கயிறு போட்டு இறுக்கிக் கட்டுவதும் கூடாது. கடிபட்டவரை நடக்க விடாமல், 108-க்குப் போன் செய்து, நேராக அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். கடித்தது எது என்று டாக்டர் பார்த்துக்கொள்வார். அதற்காகப் பாம்பைத் தேடிப் பிடித்து அடித்து எடுத்துக்கொண்டு போக வேண்டிய அவசியம் இல்லை.